பெஞ்சில் ஏழு பேர் இருந்தும் கடைசிக் குவார்ட்டரில் ஆள் இல்லை: கோச்சின் கணக்கு எங்கே தப்பியது?

பாலாற்று மணல் | புதன், இரவு 9.50

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் கூடைப்பந்து ஆடுகிறவர்கள், ஆடி முடித்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். நான் ஒரு கிளப் டீமில் கோச்சுக்குக் கையாளாக இருக்கிறேன். கிளப் பெயர், கோச் பெயர், போட்டி நடந்த இடம் எதுவும் வேண்டாம். நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும்.

அக்னி நட்சத்திரத்தில் ஐந்து நாள் போட்டி, தினம் ஓர் ஆட்டம். ராத்திரி லைட் வெளிச்சத்தில்தான் நடந்தது. ஆனால் பகல் முழுக்க வெயிலைக் குடித்த சிமெண்ட் தரை, இரவு எட்டு மணிக்கும் ஷூவைத் தாண்டிச் சுடுகிறது. எங்கள் முதல் ஐந்து பேரும் நல்ல ஆட்டக்காரர்கள். நான்கு ஆட்டத்தையும் அவர்களை வைத்தே ஜெயித்தோம். ஆறாவது ஆளுக்கு ஆட்டத்துக்கு ஏழெட்டு நிமிடம், ஏழாவது ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தது. மற்ற ஐந்து பேர் தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள், கை தட்டினார்கள்.

ஞாயிறு பைனல். கடைசிக் குவார்ட்டரில் ஆறு நிமிடம் பாக்கி, நாங்கள் 11 பாயிண்ட் முன்னால். சென்டருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தாங்கிக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அடுத்த நிமிடம், பந்தைக் கொண்டுவருகிற பாயிண்ட் கார்டுக்கு ஐந்தாவது ஃபவுல், அவனும் வெளியே. ஆறாவது ஆள் ஏற்கெனவே உள்ளே. ஏழாவது ஆள் காலையிலிருந்து வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தான். கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பஸ் ஏறிய பிறகு பர்ஸைத் தேடிப் பாக்கெட்டைத் தடவுவோமே, அப்படி ஒரு பார்வை. எட்டாம் நம்பர் பையனை அனுப்பினார். அந்த ஐந்து நாளில் அவன் பந்தைத் தொட்டது வார்ம்-அப்பில் மட்டும்தான். மேல்சட்டையைக் கழற்றும்போது கழுத்தில் மாட்டிக்கொண்டு வரவில்லை, நான்தான் இழுத்துவிட்டேன். உடம்பு சில்லென்று இருந்தது, அந்தப் புழுக்கத்தில்.

முதல் பாஸ் வந்ததும் டிராவல், பந்தைத் தட்டாமலே காலை நகர்த்திவிட்டான். அப்புறம் இரண்டு ஃப்ரீ த்ரோ. முதல் பந்து வளையத்தைத் தொடவே இல்லை. இரண்டாவது பலகையில் மோதிக் கோட்டுக்கு வெளியே போனது. மூன்று பாயிண்டில் தோற்றோம்.

எல்லாரும் பையனைத் திட்டுகிறார்கள். எனக்கென்னவோ தப்பு முதல் நாளே நடந்துவிட்டதாகத் தோன்றுகிறது. பையன் மூன்று நாளாகக் கிரவுண்டுப் பக்கம் வரவில்லை.

கோட்டை அகழி | புதன், இரவு 10.05

கோச் மேல் பழி போடுவது சுலபம். நான்கு ஆட்டம் ஜெயித்தபோது இதே ஐந்து பேரைத்தானே தோளில் தூக்கினீர்கள்? நாக்-அவுட்டில் ஓர் ஆட்டம் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அனுபவம் வரட்டும் என்று ஒருவனை இறக்கிவிட்டு இரண்டாம் நாளே வெளியே போயிருந்தால், இதே இழையில் "இன்னாத்துக்குயா நல்ல பிளேயரை உட்கார வெச்சாரு" என்று கேட்டிருப்பீர்கள். பையனுக்குத் தில் இல்லை. கதை அவ்வளவுதான்.

ஆறாவது ஆள் | புதன், இரவு 10.31

மணல் அண்ணா, முதலில் கூட்டல் கணக்கைப் பாருங்கள். நாம் ஆடுவது 40 நிமிடம், உள்ளே ஐந்து பேர், மொத்தம் 200 நிமிடம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதில் 190 முதல் ஐந்து பேருக்கே போயிருக்கிறது. ஆளுக்கு 38 நிமிடம், ஐந்து நாள், அதுவும் மே மாதம். கால் பிடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நான் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடுகிற சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் டீமின் பைத்தியம், அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2013 பைனலில் மியாமி ஹீட்டிடம் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். அடுத்த சீசனில் அவர்கள் கோச் கிரெக் பாப்போவிச் என்ன செய்தார் தெரியுமா? 82 ஆட்டத்திலும் யாருக்கும் சராசரி 30 நிமிடம் போகாமல் பார்த்துக்கொண்டார். அங்கே ஆட்டமே 48 நிமிடம். அதற்கு முன் என்.பி.ஏ.வில் எந்த டீமும் அப்படி ஒரு சீசனை முடித்ததில்லை. 62 வெற்றி. பைனலில் அதே மியாமியை 4-1.

அந்த 2014 பைனலின் முதல் ஆட்டம் நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. அரங்கத்தில் ஏ.சி. பழுதாகி உள்ளே 32 டிகிரிக்கு ஏறிவிட்டது. (நமக்கு அது மாசி மாதத்து மதியம். சால்வை தேடுவோம்.) மியாமியின் பெரிய ஆட்டக்காரர் லெப்ரான் ஜேம்ஸுக்குக் காலில் தசைப்பிடிப்பு வந்து, நான்கு நிமிடம் இருக்கும்போது வெளியே போனவர் திரும்பவே இல்லை. கடைசிக் குவார்ட்டரில் ஸ்பர்ஸ் 36, மியாமி 17. வெயில் இரண்டு டீமுக்கும் ஒன்றுதான். ஒரு பக்கம் மாற்றி மாற்றி இறக்க ஆள் இருந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் பெஞ்சிலிருந்த போரிஸ் தியாவை முதல் ஐந்தில் போட்டார் பாப்போவிச். அதிலிருந்து மூன்று ஆட்டத்தையும் 15-க்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். பைனல் நடுவில் அப்படி மாற்ற ஒரு கோச்சுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? நவம்பரிலிருந்து அந்த ஆளை ஆட வைத்துப் பார்த்திருந்தால்தான் வரும்.

காட்பாடி சிக்னல் | வியாழன், காலை 7.12

ஸ்பர்ஸ் கதை வந்துவிட்டது, நினைத்தேன். தம்பி, வண்டியை மாட்டுக்கு முன்னால் கட்டுகிறாய். ஸ்பர்ஸ் ஆட்டக்காரர்கள் குறைவாக ஆடியதால் ஜெயித்தார்களா, ஜெயித்துக்கொண்டே இருந்ததால் குறைவாக ஆடினார்களா? மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது 20 பாயிண்ட் முன்னால் இருந்தால் எந்தக் கோச்சும் பெரிய ஆட்டக்காரரை உட்கார வைப்பார். வசதியான வீட்டில் எல்லாரும் எட்டு மணி நேரம் தூங்குகிறார்கள் என்பதால், தூங்கினால் வசதி வரும் என்று சொல்ல முடியுமா?

எதிர் உதாரணம் வேண்டுமா? 2016 பைனல் ஏழாவது ஆட்டத்தில் லெப்ரான் 48-ல் 47 நிமிடம் ஆடினார். அப்போது அவர் இருந்த கிளீவ்லாந்து ஜெயித்தது. 2025-ல் நியூயார்க் நிக்ஸ் கோச் டாம் திபொடோ முதல் ஐந்து பேரைப் பிழிந்து எடுக்கிறார் என்று சீசன் முழுக்கப் புலம்பினார்கள். அதே களைத்த கால்கள்தான் பிளே-ஆஃபில் பாஸ்டனிடம் முதல் இரண்டு ஆட்டத்திலும் 20 பாயிண்ட் பின்தங்கி, திரும்ப வந்து ஜெயித்தன.

இன்னொன்று. திபொடோ என்றாலே, 2012-ல் அவர் சிகாகோ கோச்சாக இருந்தபோது டெரிக் ரோஸ் முழங்கால் போன கதையை எடுப்பீர்கள். சிகாகோ 12 பாயிண்ட் முன்னால், ஒன்றரை நிமிடம் கூட பாக்கி இல்லை, அப்போது எதற்கு ரோஸ் உள்ளே என்ற கேள்வி நியாயம். ஆனால் அந்த சீசனில் 66 ஆட்டத்தில் ரோஸ் ஆடியது 39தான். மற்றதில் காயத்தோடு வெளியே இருந்தார். அதை "அதிகம் ஆட வைத்த கேடு" என்று எழுதுவது தப்பு.

ஆறாவது ஆள் | வியாழன், காலை 7.40

அண்ணா, முன்னால் இருக்கும்போது உட்கார வைப்பது வேறு. பாப்போவிச் இரண்டாவது குவார்ட்டர் தொடக்கத்திலேயே பெஞ்ச் ஆட்களை இறக்குவார், ஸ்கோர் எப்படி இருந்தாலும். 2012 நவம்பரில் மியாமி ஆட்டத்துக்கு முன் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் என்று முக்கியமான நான்கு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். லீக் 2,50,000 டாலர் அபராதம் போட்டது. மிச்சம் இருந்தவர்கள் அன்றைக்கு 105-100 வரை இழுத்துத்தான் தோற்றார்கள். அது வசதியான வீட்டுத் தூக்கம் இல்லை, கடன் வாங்கித் தூங்கியது.

முள்ளுக்கத்திரிக்காய் | வியாழன், மதியம் 1.20

ஆண்கள் ஆட்டத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2024 அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் பைனலை யாராவது பார்த்தீர்களா? சவுத் கரோலினா, அயோவா. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் முதல் குவார்ட்டரில் மட்டும் 18 அடித்தாள். அயோவா 27-20 என்று முன்னால். அவ்வளவுதான் என்று நினைத்தேன். மிச்சம் மூன்று குவார்ட்டரும் சேர்த்து அவளால் 12 தான் அடிக்க முடிந்தது. சவுத் கரோலினா கோச் டான் ஸ்டேலி புதுப்புது ஆளாக அவள் மேல் ஏவிக்கொண்டே இருந்தார். முடிவு 87-75. பெஞ்சிலிருந்து வந்தவர்கள் அடித்த பாயிண்ட் மட்டும் எடுத்தால் 37-0. அச்சுப் பிழை இல்லை, பூஜ்யம்தான். டெஸ்ஸா ஜான்சன் என்ற முதலாண்டுப் பெண் பெஞ்சிலிருந்து வந்து 19 அடித்தாள். அந்த சீசன் முழுக்க 38 ஆட்டம், 38 வெற்றி.

இனி என் கதை. கல்லூரியில் நான் ஒன்பதாவது ஆள். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், காட்பாடி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் பி.டி. மேடம் சீசன் ஆரம்பத்திலேயே ஒரு காரியம் செய்தார். இரண்டாவது குவார்ட்டரின் முதல் மூன்று நிமிடம் எனக்கு. எதிரில் சுண்டைக்காய் டீம் இருந்தாலும் சரி, சென்னையிலிருந்து வந்த பெரிய டீம் இருந்தாலும் சரி, அந்த மூன்று நிமிடம் எனக்கு. ஒரு தடவை உள்ளே போன வேகத்தில் இரண்டு டர்ன் ஓவர், பந்தை எதிர் டீமிடம் விட்டுக் கொடுத்தேன். மேடம் எழுந்து நிற்கக்கூட இல்லை. மூன்று நிமிடம் முடிந்ததும்தான் கூப்பிட்டார்.

மூன்று நிமிடத்தில் இன்னா கிழித்தாய் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் முதல் குவார்ட்டர் நடக்கும்போதே என் கால் தானாக ஆடத் தொடங்கும். எதிர் டீமில் யார் இடது கைக்காரி, யார் ஸ்கிரீன் வைத்து வழி மறித்துவிட்டு வளையத்தை நோக்கி உருளுகிறாள் என்று கண் தேடும். நம் முறை வரப்போகிறது என்று தெரிந்தால் ஆட்டத்தைப் பார்க்கிற விதமே வேறு. முறை வருமா வராதா என்று தெரியாதவள் கொஞ்ச நேரத்தில் கேலரியில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

அந்த எட்டாம் நம்பர் பையனைப் பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டு, ஐந்து நாளும் சோறு போடாமல், கடைசியில் "ஏன்டா சாப்பிடத் தெரியவில்லை" என்று கேட்டிருக்கிறார்கள்.

காட்பாடி சிக்னல் | வியாழன், மாலை 6.02

அக்கா, உங்கள் மூன்று நிமிடக் கதைக்கு நான் கட்டுப்படுகிறேன். ஆனால் முந்தின ஆண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 2023 அரையிறுதிக்கு சவுத் கரோலினா 36-0 என்று வந்தது. அப்போதும் பெஞ்ச் பெரிய பெஞ்சுதான். அதே அயோவாவிடம் 77-73 என்று போனது. கிளார்க் 41. நல்ல பெஞ்ச் இருந்தால் கோப்பை வரும் என்று எழுதிக் கொடுக்க முடியாது.

முள்ளுக்கத்திரிக்காய் | வியாழன், மாலை 6.15

யார் எழுதிக் கேட்டது? தோற்றாலும் பெஞ்சைப் பார்த்து முழிக்காமல் தோற்கலாம் அல்லவா.

டேபிள் நாற்காலி | வியாழன், இரவு 9.30

பல வருடமாக டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுகிறவன். உங்கள் கண்ணில் படாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஷீட்டில் ஆட்டக்காரர் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். முதன்முதலாக உள்ளே இறங்கும்போது அதில் பெருக்கல் குறி போடுவோம். முதல் ஐந்து பேர் என்றால் குறியைச் சுற்றி ஒரு வட்டம். ஆட்டம் முடிந்து இரண்டு கோச்சுக்கும் நகல் போகும். அதில் எத்தனை பாயிண்ட், எத்தனை ஃபவுல் என்று இருக்கும். எத்தனை நிமிடம் என்று இருக்காது. பெரிய போட்டி என்றால் தனியாக ஆள் வைத்துக் கணக்கு எடுப்பார்கள், நம் ஊரில் யார் எடுக்கிறார்கள்? ஒரு தடவை உள்ளே போய் 20 விநாடியில் வெளியே வந்தவனுக்கும் 15 நிமிடம் ஆடியவனுக்கும் ஒரே குறிதான்.

அதனால் கோச்சுகள் நேர்மையாகவே ஏமாறுகிறார்கள். "பத்துப் பேரை ஆட வைத்தேனே சார்" என்பார்கள். குறி பத்து இருக்கும். நிமிடத்தைக் கூட்டினால் ஐந்து பேர் ஆட்டம்தான்.

நான் எழுதிய ஷீட்டுகளில் கட்டம் காலியாகவே இருந்த பையன்களின் நம்பர் சில இன்னும் நினைவில் இருக்கிறது. பாயிண்ட் அடித்தவர்கள் மறந்துபோய்விட்டார்கள். அது ஏன் என்று கேட்காதீர்கள்.

அரக்கோணம் லோக்கோ | வெள்ளி, காலை 6.10

காலை வணக்கம். நானும் ஒரு கோச்தான். மணல் சொல்கிற கோச் நானில்லை, ஆனால் இதே தப்பைப் பலமுறை செய்தவன் என்பதால் எழுதுகிறேன்.

டி.வி.யில் வருகிற டீமை வைத்து எங்களை அளக்காதீர்கள். ஸ்பர்ஸ் பெஞ்சில் பத்தாவது ஆளும் சம்பளம் வாங்குகிறவன், தினம் பயிற்சிக்கு வருகிறவன். அவ்வளவு தூரம் எதற்கு, பெரியகுளத்திலும் கோவையிலும் கோடையில் நடக்கிற அகில இந்தியப் போட்டிக்கு வருகிற பேங்க் டீம், ரயில்வே டீம், ராணுவ டீமைப் பாருங்கள். அங்கே பெஞ்சில் இருப்பவனுக்கும் விளையாட்டுதான் வேலைக்கு வழி. அவர்கள் ஒரு வாரத்தில் ஐந்தாறு ஆட்டம் ஆடி, கடைசி நாளும் அதே வேகத்தில் ஓடுகிறார்கள் என்றால் ஒன்பது பத்துப் பேர் மாறி மாறி ஆடுவதால்தான்.

என் பன்னிரண்டு பேரைச் சொல்கிறேன். முதல் ஆறு பேர் தினம் காலை ஐந்தரைக்கு வருவார்கள். ஏழும் எட்டும் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி. ஷிஃப்ட் மாறினால் ஒரு வாரம் முகமே தெரியாது. ஒன்பதாவது ஆளுக்கு அரியர், அப்பா கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் வருவான். கடைசி மூன்று பேர் சான்றிதழுக்கு வந்தவர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும் என்று யாரோ சொல்லி, யார் யாரோ சிபாரிசு செய்து பட்டியலில் ஏறியவர்கள். இந்தப் பெஞ்சை வைத்துக்கொண்டு இரண்டாவது குவார்ட்டரில் மூன்று நிமிடம் கொடு என்றால் கை வராது, தம்பி.

பரிசுப் பணத்தையும் யோசிக்க வேண்டும். முதல் பரிசு வந்தால்தான் அடுத்த ஊருக்கு வேன் பேச முடியும். லீக் சுற்றில் தோற்றால் பந்து வாங்கிக் கொடுத்தவர் போனை எடுக்க மாட்டார். கோச்சுக்கு ஒவ்வோர் ஆட்டமும் பைனல்தான். அதனால்தான் நிஜமான பைனலுக்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை.

நியாயம் பேசவில்லை. நடப்பதைச் சொல்கிறேன். ஒருமுறை அரையிறுதியில் 24 பாயிண்ட் முன்னால் இருந்தபோதும் நான் முதல் ஐந்தை எடுக்கவில்லை. ஏன் என்று பிறகு யோசித்தேன். பயம். 24 பாயிண்ட் முன்னால் இருந்தும் பயம்.

கோட்டை அகழி | வெள்ளி, காலை 8.45

நம்ம ஊரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டே: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை. ஆள் இல்லாத பெஞ்சையும் அதில் சேர்த்துவிடலாம்.

லோக்கோ சார் சொன்ன 24 பாயிண்ட் என்னை யோசிக்க வைக்கிறது. அன்றைக்கு மாற்றியிருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. இங்கேயும் அப்படி ஓர் ஆட்டம் இருந்ததா மணல்?

பாலாற்று மணல் | வெள்ளி, காலை 9.05

இருந்தது. இரண்டாம் நாள். பாதி ஆட்டத்திலேயே 19 பாயிண்ட் முன்னால். கடைசிக் குவார்ட்டர் முழுக்க முதல் ஐந்து பேரே ஆடினார்கள். பாயிண்ட் கார்டுக்கு "சிறந்த ஆட்டக்காரர்" பரிசு கிடைக்கட்டும் என்று. பரிசு கிடைத்தது, ஒரு மிக்ஸி.

கோட்டை அகழி | வெள்ளி, காலை 9.07

சரி. என் முதல் பதிவில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தில் விஷயத்தை இல்லை.

ஆறாவது ஆள் | வெள்ளி, மாலை 5.30

சிக்னல் அண்ணா நிக்ஸ் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியைச் சொல்கிறேன். அந்த சீசனில் லீக்கிலேயே சராசரியாக அதிக நிமிடம் ஆடியவர் நிக்ஸின் ஜாஷ் ஹார்ட். மார்ச்சில் மிக்கேல் பிரிட்ஜஸ் வாய்விட்டே சொன்னார், நிமிடத்தைக் குறைப்பது பற்றிக் கோச்சிடம் பேசினேன், பெஞ்சில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள் என்று. கோச் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றார். வீட்டுக்கு வீடு வாசற்படி.

பாஸ்டனைத் தாண்டி 25 வருடத்துக்குப் பிறகு கிழக்குப் பிரிவு பைனலுக்கு வந்தார்கள். எதிரில் இந்தியானா பேசர்ஸ், ஆட்களை மாற்றி மாற்றி இறக்கி ஓட்டம் ஓட்டமாக ஆடுகிற டீம். முதல் ஆட்டத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது நிக்ஸ் 14 பாயிண்ட் முன்னால். கூடுதல் நேரத்தில் 138-135 என்று தோற்றார்கள். இரண்டாவது ஆட்டமும் போனது. மூன்றாவது ஆட்டத்தில்தான் திபொடோ ஹார்ட்டை பெஞ்சுக்கு அனுப்பி, மிட்செல் ராபின்சனை முதல் ஐந்தில் போட்டார். மூலையில் இருந்த லேண்ட்ரி ஷாமெட்டையும் டெலான் ரைட்டையும் இறக்கினார். அந்த ஆட்டம் ஜெயித்தது. தொடர் 4-2 என்று போனது. ஜூன் முதல் வாரத்தில் அவர் வேலையும் போனது.

காட்பாடி சிக்னல் | வெள்ளி, மாலை 6.20

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கால் களைப்பு என்ற காரணத்தை அல்ல. களைத்த கால் பாஸ்டனில் எப்படித் திரும்ப வந்தது? எனக்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. முதல் ஐந்தையே நம்பும் கோச்சுக்கு, அந்த ஐந்து பேரின் ஆட்டம் எடுபடாத நாளில் கையில் வேறு சாவி இல்லை. ஷாமெட் உதவுவார் என்று மே மாதக் கடைசியில் கண்டுபிடிப்பதும், மணல் டீம் கோச் பைனலில் எட்டாம் நம்பரைத் தேடியதும் ஒன்றுதான். சீசன் முழுக்கக் கிடைத்திருக்க வேண்டிய தகவல் அது. எட்டாம் நம்பருக்கு ஃப்ரீ த்ரோ வருமா வராதா என்றே உங்கள் கோச்சுக்குத் தெரியாது. ஆட்டத்தில் போட்டு அவர் பார்த்ததே இல்லையே.

இதை நான் ஸ்பர்ஸுக்கும் தியாவுக்கும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். தம்பிக்கு ஒரு டீ.

முள்ளுக்கத்திரிக்காய் | வெள்ளி, இரவு 8.40

லோக்கோ சார், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஷூ கம்பெனிப் பையனை வைத்துக்கொண்டு பத்துப் பேர் ஆட்டம் ஆட முடியாதுதான். ஆனால் பத்து எதற்கு? எட்டு போதும். கணக்கு, இங்கே 'ஆறாவது ஆள்' என்ற பெயரில் எழுதுகிற தம்பி சொன்னதுதான்: முதல் ஐந்து பேருக்கு 32 நிமிடம் என்றால் 160, மிச்சம் 40. ஆறாவது ஆளுக்கு 18, ஏழும் எட்டும் 11, 11.

எங்கள் மேடம் செய்த இன்னொரு நல்ல காரியம், ஐந்து பேரையும் ஒரே விசிலில் மாற்ற மாட்டார். பல கோச்சுகள் "பெஞ்சுக்குச் சான்ஸ் கொடுத்தேன்" என்று முழு டீமையும் மாற்றி, இரண்டு நிமிடத்தில் எட்டு பாயிண்ட் போனதும் "பார்த்தீங்களா" என்று எடுத்துவிடுவார்கள். பழகாத ஐந்து பேரை ஒன்றாகப் போட்டால் பந்தை யார் கொண்டுவருவது என்றே தெரியாது. ஒன்றிரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். நான் போகும்போதெல்லாம் எங்கள் பாயிண்ட் கார்டு உள்ளே இருப்பாள். என்னிடம் பந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வாள். முதல் தடவை பந்து சும்மா கையில் பட்டுப் போகட்டும் என்று.

வேலை என்ன என்று ஒரே வரியில் சொல்லி அனுப்ப வேண்டும். "நன்றாக ஆடு" என்பது வேலை இல்லை. "பத்தாம் நம்பரை வலது பக்கம் போக விடாதே" என்பது வேலை. பயந்த பிள்ளைக்குக் கையில் ஒரு வேலை கொடுத்தால் பாதி பயம் போய்விடும், கல்யாண வீட்டில் தாம்பூலப் பையைக் கொடுத்து நிற்க வைக்கிற மாதிரி.

டேபிள் நாற்காலி | வெள்ளி, இரவு 9.15

கடைசி இரண்டு நிமிடத்தில் கூடை விழுந்தால் கடிகாரம் நிற்கும், கூடை வாங்கிய டீம் அந்த இடைவெளியில் ஆள் மாற்றலாம். நம் ஊரில் இதைப் பயன்படுத்தும் கோச்சை எண்ணினால் ஒரு கை விரல் போதும். நாற்காலியை எங்கள் டேபிள் பக்கத்தில் கொண்டுவந்து பையனை உட்கார வையுங்கள். மணி அடிக்கிறோம்.

பாலாற்று மணல் | ஞாயிறு, காலை 11.40

நீளமாக எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

ஒன்றை முதல் பதிவில் மறைத்துவிட்டேன். ஆள் மாற்றும் நேரத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை. ஸ்டாப் வாட்ச் என் கழுத்தில்தான் தொங்கியது. இரண்டாம் நாள் 19 பாயிண்ட் முன்னால் இருந்தபோது எனக்குத் தோன்றியது, வாய் திறக்கவில்லை. ஜெயிக்கிற நாளில் கோச்சிடம் போய் எதையாவது சொன்னால் அபசகுனம் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டாம் நம்பர் வீட்டுக்குப் போனேன். சத்துவாச்சாரியில் மாடி வீடு. அவன் அம்மா மோர் கொடுத்தார்கள். அவன் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் போட்டிருக்கணும்ணா" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் நோட்டைத் திறந்து ஐந்து நாள் கணக்கைக் காட்டினேன். அவன் பெயருக்கு நேரே ஞாயிறு வரை வெறும் கோடு. கொஞ்ச நேரம் பார்த்தான். "மோகன் அண்ணா" மாதிரி யாராவது பெரியவர்கள் பேசினால் சரியாகும் என்று அம்மா சொன்னார்கள். (பெயரை மாற்றியிருக்கிறேன், கோச்சைத்தான் சொன்னார்கள்.)

நேற்றுக் கோச்சிடம் நோட்டைக் கொண்டுபோனேன். திட்டுவார் என்று நினைத்தேன். 38, 39, 37 என்று இருந்ததை விரலால் கூட்டிப் பார்த்தார். "சென்டரு இவ்ளோவா ஆடினான்?" என்று மட்டும் கேட்டார். டேபிள் சார் சொன்னதுதான், அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

இன்று காலை பக்கத்து ஊர் டீமோடு பயிற்சி ஆட்டம். எட்டாம் நம்பர் வந்தான், தாமதமாக, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நின்றான். அக்கா சொன்ன மாதிரி இரண்டாவது குவார்ட்டர் முதல் மூன்று நிமிடம், ஏழும் எட்டும் உள்ளே, பாயிண்ட் கார்டு கூடவே. அந்த மூன்று நிமிடத்தில் நாங்கள் 2, அவர்கள் 9. கோச் இரண்டு தடவை எழுந்து என்னைப் பார்த்தார். நான் வாட்சைக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத்தான் பாவம் கசக்கிக்கொண்டிருந்தார்.

நான்காவது குவார்ட்டரில் மறுபடியும் மூன்று நிமிடம். இந்தத் தடவை 4-4. எட்டாம் நம்பர் ஒரு ரீபவுண்ட் எடுத்தான், ஒரு ஃபவுல் வாங்கினான். இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது விழுந்தது. யாரும் கை தட்டவில்லை, பயிற்சி ஆட்டம்தானே. சென்டர் மட்டும் பெஞ்சிலிருந்து "ம்" என்றான்.

ஆட்டத்தை ஆறு பாயிண்டில் தோற்றோம்.

கோட்டை அகழி | ஞாயிறு, மதியம் 12.10

தோத்துட்டு வந்து இவ்ளோ சந்தோஷமா எழுதுற ஆளை இப்போதான் பார்க்கிறேன். அந்த முதல் மூன்று நிமிடம் இல்லையென்றால் ஜெயித்திருப்பீர்கள், தெரியுமா?

பாலாற்று மணல் | ஞாயிறு, மதியம் 12.14

தெரியும். கோச்சும் அதைத்தான் சொன்னார். அடுத்த ஞாயிறும் அதே மூன்று நிமிடம் என்றும் சொன்னார். பிறகு, "மூணு ஆட்டம் பாப்போம், அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அரக்கோணம் லோக்கோ | ஞாயிறு, மதியம் 12.40

அடுத்த ஞாயிறு எங்கள் டீமைக் கூட்டி வரவா? வேன் செலவைப் பார்த்துக்கொள்கிறேன். ஷூ கம்பெனிப் பையன்களுக்கு அன்றைக்கு லீவு.

பாலாற்று மணல் | ஞாயிறு, மதியம் 12.42

வாங்க சார். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். டேபிள் சார் வந்தால் நிமிடக் கணக்கையும் சேர்த்து எழுதலாம், வாட்ச் என்னிடம் இருக்கிறது.

டேபிள் நாற்காலி | ஞாயிறு, மதியம் 1.05

வருகிறேன். நாற்காலி இருக்கிறதா, கொண்டுவர வேண்டுமா?